பஞ்சு அடைத்த குழாய்

புதன்கிழமை, இரவு.

மூன்றாவது வாரமும் அதே கதை. இரண்டு வகைக் கிருமிகளுக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற விஷவாயுவைக் கொடுத்தேன். அதை முறிக்கும் நொதி உள்ளதும் செத்தது, நொதி இல்லாததும் செத்தது. என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு மேடம் குழாய்களைத் தூக்கிப் பார்த்தார். "இந்தக் கிருமியே சரியில்ல. நாளைக்கு எல்லாத்தையும் அழிச்சிடு, வேற தலைப்பு பாத்துக்கலாம்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் லேபில் குழாய் கழுவும் ராணி அக்கா ஒன்றைக் காட்டினார். "இது மட்டும் கலங்கலா இருக்குது கண்ணு. கழுவிடட்டுமா?"

பிடுங்காத குறையாக வாங்கினேன். மூடி ஒன்று குறைந்ததால் நான் பஞ்சு அடைத்துத் தனியாக வைத்த குழாய் அது; மேடம் அதைப் பார்க்கவில்லை. உள்ளே இருப்பது நொதி உள்ள கிருமி, வளர்ந்ததால்தான் கலங்கியிருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடைத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்ற அந்த நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும்; பஞ்சு காற்றை உள்ளே விடும். வாயு தப்பிவிடுமோ என்று பயந்து மற்ற மூடிகளை எல்லாம் காற்றுப் புகாமல் இறுக்கியது நான்தான். எத்தனை தடவை படித்த பாடம்!

பென்னாகரம் வரும்வரை பஸ்ஸில் என்னையே திட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மேடத்துக்குப் போன் செய்தேன். "தப்பு என்னோடதுங்க மேடம். இன்னொரு தடவை மட்டும் செஞ்சு பாக்கறேங்க."

"பஞ்சு வழியா வாயு வெளிய போயிருந்தா?"

அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நாளை நொதி இல்லாத கிருமிக்கும் பஞ்சுதான் அடைப்பேன். அது செத்தால் வாயு உள்ளேதான் இருந்திருக்கிறது, நான் சொன்னது சரி. அதுவும் பிழைத்துக்கொண்டால், எல்லாக் குழாய்களையும் என் கையாலேயே அழிப்பேன். அலாரம் ஐந்து மணிக்கு.