பெயர் எழுதுகிறவள்

செப்டம்பர் 8, திங்கள்

புதுப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வாரம். கடைசி வகுப்புக்கு ஆசிரியர் வரவில்லை. ஒரே சந்தைக்கடை. என் கை தானாகவே சாக்பீஸைத் தேடியது.

பழைய பள்ளியில் மூன்று வருஷம் நான்தான் லீடர். ஆசிரியர் வெளியே போனால் பேசுகிறவர்களின் பெயரைப் பலகை ஓரத்தில் எழுதுவேன். மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. "நீ இருந்தா நான் இருக்கற மாதிரிம்மா" என்று தலைமை ஆசிரியை எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு இந்த நாட்டில் நர்ஸ் வேலை கிடைத்து நாங்கள் இரண்டு பேரும் கிளம்பியபோது லீடர் பேட்ஜைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்தேன். இங்கே லீடரே கிடையாதாம். அதை எங்கே குத்திக்கொள்ள?

செப்டம்பர் 11, வியாழன்

வகுப்பாசிரியை ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். பல நாட்டுப் பிள்ளைகளிடம் இதையே கேட்கிறார்களாம். ஒரு பிள்ளை வளர்ந்த நாடும் வழக்கமும் அதை எப்படிப்பட்ட தலைவராக்குகின்றன என்று பார்க்க வேண்டுமாம். பதினோராவது கேள்வி: "உங்கள் குழுவில் ஒருவர் வேலையைப் பாதியில் விட்டுப் போகிறார். முதலில் என்ன செய்வீர்கள்?" இதெல்லாம் ஒரு கேள்வியா? 'பொறுப்பாசிரியரிடம் தெரிவிப்பேன்' என்பதில் டிக் போட்டேன்.

பிறகு நூலக வேலை பற்றிச் சொன்னார். பழைய கட்டடத்துப் புத்தகங்களை எங்கள் வகுப்புதான் புதுக் கட்டடத்துக்கு மாற்றி அடுக்க வேண்டும். தினமும் இரண்டிலிருந்து நாலு மணி வரை. "யார் பொறுப்பு எடுத்துக்கறீங்க?" என்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன பயந்தாங்கொள்ளிகள்! நான் கை தூக்கினேன். வருகைத்தாள் கட்டு என் கைக்கு வந்தது. வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. கட்டம் போட்ட தாளைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது.

செப்டம்பர் 17, புதன்

விசில் தினமும் இரண்டே முக்காலுக்குக் கிளம்பிவிடுகிறாள். எந்நேரமும் சன்னமாகச் சீட்டியடிப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவள் போனதும் நெட்டை — எங்கள் வகுப்பிலேயே உயரமானவன் — நாலு மணிக்கு எதிரில் அவள் கையெழுத்தைப் போடுகிறான். அவள் அடுக்க வேண்டிய புத்தகங்களை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். என் கண் முன்னாலேயே! நான் என்ன பொம்மையா?

செப்டம்பர் 19, வெள்ளி

தனித்தாளில் தேதி வாரியாக எழுதி வகுப்பாசிரியையிடம் கொடுத்துவிட்டேன். விசில் வெளியேறிய நேரம், நிமிடத்தோடு. வாங்கிக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவகிட்ட கேட்டியா?" என்றார். எதைக் கேட்பது? தாள் சரியாகத்தானே இருக்கிறது.

செப்டம்பர் 22, திங்கள்

விசிலுக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை இருந்ததாம். இது மூன்றாவது. நாளையிலிருந்து பத்துப் பள்ளி நாட்கள், இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை அலுவலக அறையில் உட்கார வேண்டும். காரணம் கேட்டபோது அவள் ஒன்றுமே சொல்லவில்லையாம்.

நூலகத்தில் என்னிடம் யாரும் பேசவில்லை. திட்டவும் இல்லை. பெட்டியை நீட்டினால் வாங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். கடமையைச் செய்ததற்கு இந்த மரியாதை.

செப்டம்பர் 24, புதன்

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

அம்மா வேலை முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டபடி வார்டு கதை சொன்னாள். அவள் வார்டில் ஒரு நோயாளி. யார் ஊட்டினாலும் வாயைத் திறப்பதில்லை. "ஒரே ஒரு பொண்ணு. மூணு மணிக்கு வந்து ஊட்டிட்டு நாலு மணிக்குப் போகும். பார்வையாளர் நேரம் அவ்வளவுதானே. காரிடார்ல சீட்டிச் சத்தம் கேட்டதுமே அந்தம்மா எழுந்து உக்காந்துடுவாங்க. ரெண்டு நாளா அந்தப் பொண்ணு வரலை. கதவையே பாத்துட்டிருக்காங்க, பாவம். நேத்தும் சாப்பிடலை, இன்னிக்கும் சாப்பிடலை."

"அந்தப் பொண்ணு இனிமே பத்து நாள் வராதும்மா" என்றேன். "ஏன்?" என்றாள். சொன்னேன். அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"பேரை எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டா உன் வாய் வலிச்சிருக்குமா?"

செப்டம்பர் 25, வியாழன்

காலையில் பள்ளி வாசலில் விசிலை மறித்தேன். எல்லாம் தெரியும் என்றேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"டீச்சர்கிட்ட சொல்லட்டுமா? சொன்னா விட்டுடுவாங்க."

"வேண்டாம். வீட்ல பெரியவங்க யாரும் இல்லைன்னு தெரிஞ்சா என்னைச் சித்தி ஊருக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் அம்மாவை வாரத்துக்கு ஒரு தடவைகூடப் பாக்க முடியாது. இதையும் எழுதிக் குடுத்துடாதே."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டேன். பிறகு, "நீ உள்ள இருக்கற நாளெல்லாம் நான் போய் ஊட்டட்டுமா?" என்று கேட்டேன். "கஞ்சி சூடா இருந்தா சாப்பிட மாட்டாங்க" என்றாள்.

நூலகத்தில் எல்லாரிடமும், தாள் எழுதிக் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். நான் இரண்டே முக்காலுக்குப் போக வேண்டும் என்றும் சொன்னேன். அவர்களுக்கு விசில் விஷயம் முதலிலிருந்தே தெரியும், எனக்குத்தான் தெரியாது. கடைசியில் நெட்டை சொன்னான்: "போ. உன் அலமாரியை நாங்க பாத்துக்கறோம். கையெழுத்தும் போட்டுடறேன். அதையும் எழுதிக்கோ."

வார்டில் அந்தம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சீட்டியடித்துப் பார்த்தேன். எனக்கு வராது, வெறும் காற்றுதான் வந்தது. திரும்பிப் பார்த்தார். "யாருடி நீ, டயர் பஞ்சராயிடுச்சா?" என்றார். மூன்று ஸ்பூன் சாப்பிட்டார்.

செப்டம்பர் 26, வெள்ளி

காலையில் விசில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எத்தனை ஸ்பூன்?"

செப்டம்பர் 30, செவ்வாய்

பையில் மீந்த வருகைத்தாள்கள் கிடக்கின்றன. ஒன்றின் பின்பக்கத்தில் பத்து நாளுக்கும் கட்டம் போட்டுத் தினமும் குறித்துக்கொள்கிறேன். போன நேரம், வந்த நேரம், எத்தனை ஸ்பூன், அவர் என்ன சொன்னார். விசில் கேட்டால் தப்பில்லாமல் சொல்ல வேண்டும். எழுதாமல் என் கை சும்மா இருக்காது, அது வேறு விஷயம்.

இன்றைக்கு ஏழு ஸ்பூன். அதிகமே இதுதான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இங்கே வரச் சொல்லி அம்மா விசிலைக் கூப்பிட்டாள். வந்தாள், சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். என்னோடு ஒரு வார்த்தை இல்லை. அம்மாவோடு மட்டும் பேசினாள்.

அக்டோபர் 6, திங்கள்

விசிலுக்குத் தண்டனை இன்றோடு முடிந்தது. எனக்கு வார்டில் எட்டு நாள். முதல் இரண்டு நாள் யாரும் போகவில்லை, அந்த இரண்டு கட்டமும் காலியாகவே இருக்கின்றன. என்ன எழுதியும் நிரப்ப முடியாது.

அக்டோபர் 16, வியாழன்

கேள்வித்தாள் முடிவுகள் வந்தன. வகுப்பாசிரியை படித்துக் காட்டினார். பதினோராவது கேள்விக்கு நான் விட்டுவந்த நாட்டில் முக்கால்வாசிப் பிள்ளைகள் 'ஆசிரியரிடம் தெரிவிப்பேன்' என்று போட்டிருக்கிறார்கள். இங்கே பெரும்பாலானவர்கள் 'அவரிடமே பேசுவேன்'. எல்லாரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

அப்படியென்றால் தப்பு என்னுடையதா, என் நாட்டினுடையதா? வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். மனதுக்குள் ஓர் ஆசை, 'நீ என்னம்மா பண்ணுவே, உன்னை அப்படி வளத்துட்டாங்க' என்று சொல்வாள் என்று.

"நாட்டைச் சொல்லித் தப்பிச்சுக்காதே" என்றாள். "அங்க உனக்கு முன்னாடி லீடரா இருந்தவ ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. குட்டையாக, இரட்டைப் பின்னல் போட்டிருப்பாள். எல்லார் பெயரையும் பலகையில் எழுதுவாள், எழுதியதைப் பார்த்ததும் எல்லாரும் அடங்கிவிடுவோம். ஆசிரியரின் செருப்புச் சத்தம் கேட்டதும் பாவாடை நுனியால் முழுவதையும் அழித்துவிடுவாள். ஒரு நாள் அகப்பட்டுக்கொண்டாள். அவளிடமிருந்து பிடுங்கிய பேட்ஜைத்தான் எனக்குக் குத்தினார்கள். நான் அதற்காக எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! ஒரு தடவைகூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லையே.

கேட்டுவிட்டு எழுதுகிறவர்கள் அங்கேயும் இருந்தார்கள். எழுதிவிட்டு அழிக்கிறவளும் இருந்தாள். நான்தான் அப்படி இல்லை.

அக்டோபர் 27, திங்கள்

அம்மா மதியமே பள்ளிக்கு வந்தாள், நர்ஸ் உடுப்போடு. என்னைப் பார்க்க வரவில்லை. விசிலைத் தோளோடு அணைத்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

பத்து நாள். விசிலின் அம்மா உயிரோடு இருந்த கடைசி ஐந்து வாரத்தில் பத்து நாள். ஒரு தாள், என் கையெழுத்து, நிமிடத்தோடு. ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

நூலக வேலை முடிந்தது. கடைசி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது விசில் வந்தாள். வெளியே சித்தி வண்டியில் காத்திருந்தார். தன் பொருட்களை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறாள். ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டாள். என்னிடம் வந்ததும் நின்றாள். திட்டட்டும், நாலு அறை அறையட்டும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தேன்.

"அந்த எட்டு நாள் அம்மா என்னெல்லாம் பேசினாங்க? ஸ்பூன் மட்டும்தான் கேட்டேன். மத்ததைக் கேக்கவே இல்லை. நீ எழுதி வெச்சிருப்பேல்ல?"

பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். 'யாருடி நீ, டயர் பஞ்சராயிடுச்சா' என்ற இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. காலியாக இருந்த முதல் இரண்டு கட்டங்களில் விரலை வைத்தாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டுமே.

"முப்பதாம் தேதி ஏழு ஸ்பூனா?" என்றாள்.

"ஏழு."

"என்கிட்டகூட ஆறுக்கு மேல சாப்பிட்டதில்லை."

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வெளியே ஹார்ன் கேட்டது.