இதயத்துக்குள் ஒரு தடித்த சுவர்

11.6.2025, புதன்
வெள்ளிமலைக்கு மேலே தடுப்பூசி போடப் போனோம். ஏற்றத்தில் கண் இருட்டிச் சாய்ந்துவிட்டேன். கூட வந்த ஆஷா பணியாளர் செந்தமிழ்ச்செல்விதான் தாங்கிப் பிடித்தாள். சாப்பிடவில்லை என்று சமாளித்தேன். காலையில் நாலு இட்லி சாப்பிட்டிருந்தேன்.

19.6.2025
கள்ளக்குறிச்சியில் எக்கோ எடுத்தார்கள். இதயத்தின் நடுச்சுவர் தடித்துப்போய், ரத்தம் வெளியேறும் வழியை மறிக்கிறதாம். குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்தார்களா என்று டாக்டர் கேட்டார்.

தம்பி ஜான். இருபத்தாறு வயது. கரும்பு லோடு ஏற்றும்போது விழுந்தான், எழவேயில்லை. வெயில் என்றார்கள், நம்பினோம். பதினைந்து வருஷமா நர்ஸு நான் — எனக்கு ஏன் தோணல?

2.9.2025
இரண்டரை மாதமாக மாத்திரை. படபடப்பு கம்மி. நேற்று குளிக்கும்போது மறுபடி மயக்கம்.

16.9.2025, சென்னை
மாத்திரை மட்டும் போதாதாம். இரண்டு வழி சொன்னார்கள். தொடை வழியாகக் குழாய் விட்டு, தடித்த சதைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஆல்கஹால் செலுத்திச் சுருங்க வைப்பது ஒன்று. நெஞ்சைத் திறந்து சதையைச் செதுக்குவது இன்னொன்று. என் வால்வும் இழுபடுவதால் ஆபரேஷன்தான் நல்லது என்கிறார் டாக்டர். ஆபத்தே இல்லை என்று அவர் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது.

ஆல்கஹால் என்றதும் என் வீட்டுக்காரர் டேவிட்டுக்கு முகம் மாறியது. கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு எங்கள் ஊரில் அந்தச் சொல் அப்படி. ஆனாலும் பஸ்ஸில் அவர் கேட்டது அதைத்தான்: "ஊசியில ஆவுதுன்றாங்களே, இன்னாத்துக்கு நெஞ்ச அறுக்கணும்?"

உளுந்தூர்பேட்டை வந்ததும் சொன்னேன்: "ஒரு தடவ சரியா செஞ்சிடலாம்ங்க. நம்ம பொண்ணுக்கு பதினாலுதான் ஆவுது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்போது என் பையையும் அவரே எடுத்துக்கொண்டார்.

13.10.2025
நாளைக் காலை ஆபரேஷன். பயமாத்தான் இருக்கு.

26.10.2025
வீடு. இருமினால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறேன். சதையை எடுத்துவிட்டார்கள். தோளுக்குக் கீழே ஒரு கருவியும் வைத்திருக்கிறார்கள். துடிப்பு கெட்டால் அதுவே மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யுமாம். ஜானுக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால்—

இது பரம்பரையாக வரலாம் என்பதால் மகள் அனிட்டாவுக்கும் எக்கோ எடுத்தோம். இப்போதைக்கு ஒன்றுமில்லை. வருஷா வருஷம் பார்க்க வேண்டும். டேவிட் ரிப்போர்ட்டை மூன்று தடவை படித்தார். அவருக்கு அதில் ஒரு வரியும் புரியாது.

4.2.2026, புதன்
வேலைக்குப் போக ஆரம்பித்து மூன்றாவது நாள். தடுப்பூசிப் பெட்டியை டேவிட் வண்டியிலேயே மேலே அனுப்பிவிட்டு, கைவீசி ஏறினோம். மெதுவாகத்தான். பாதி ஏற்றத்தில், "கொஞ்சம் நில்லுங்கக்கா, மூச்சு வாங்குது" என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

நின்றேன்.