அம்மாவின் முகத்துக்கும் திறக்கிறது

ஆகஸ்ட் 18, 2025. திங்கள்

அண்ணா அனுப்பிய மடிக்கணினி வந்து சேர்ந்தது. ரொறன்ரோவிலிருந்து வந்த அவனுடைய சிநேகிதர் அதை ஒரு கம்பளிச் சட்டைக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். அப்பா கணினியை விட்டுவிட்டுச் சட்டையைத்தான் பார்த்தார். "ஸ்கந்தபுரத்தில இதை ஆர் போடுறது? வயலுக்க குருவி விரட்டுற வெருளிக்குத்தான் போடலாம்."

மூடியில் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் அம்மா திறக்கவிடவில்லை. உழவு மெசின் வந்தபோதும் அப்படித்தான். எந்தச் சாமானுக்கும் நெற்றி எதுவென்று அவாவுக்குத் தெரியும்.

அண்ணா வீடியோவில் வந்தான். "உனக்கு வேலை ஒண்டுமில்லை. நான் எல்லாம் போட்டுத்தான் அனுப்பினனான். அது கேட்ட எல்லாத்துக்கும் ஓம், சம்மதம் எண்டு குடுத்திட்டன்."

"எதுக்கெல்லாம் ஓம் குடுத்தனீ?"

"ஆருக்குத் தெரியும்? ஓம் எண்டாத்தான் அடுத்ததுக்குப் போகும்."

இந்த நாட்குறிப்பையும் இனி அதிலேயே எழுதலாமே என்று உட்கார்ந்தேன். 'இன்று நான் மிகவும்' என்று தட்டியவுடன், எனக்கு முன்னால் ஓடிப்போய் 'மகிழ்ச்சியாக' என்று போட்டது. நான் எழுத இருந்தது 'களைத்து'. பேனைக்கும் கொப்பிக்குமே திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 19

முகத்தைக் காட்டினால் கணினி திறக்கிறது. இந்த முகத்துக்கு ஏதோ ஒன்று உடனே திறப்பது இதுதான் முதல்தடவை.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஒழுங்கையில் இருக்கிற சனம் முழுவதும் எங்கள் வீட்டில். கடவுச்சீட்டு விண்ணப்பம் நிரப்ப ஒருவர், பரீட்சை முடிவு பார்க்க இரண்டு பேர், கனடாவில் நடந்த கலியாண வீடியோ பார்க்க ஒரு குடும்பம். முகம் இல்லாதவர்கள் திறப்பதற்கு ஓர் இலக்கம் இருக்கிறது. அதை அம்மா எல்லாருக்கும் சொல்லிவிட்டா.

நான் இதில் யாழ்ப்பாணத்துப் பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்க்க வேண்டும். அது என் வேலை. இலக்கத்தை மாற்றப்போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"கிணத்துக்குப் பூட்டுப் போடுறதோ?" என்றா அம்மா. "சனம் என்ன நினைக்கும்?"

கிணற்றுக்குள் நான் கடிதம் போட்டு வைப்பதில்லையே அம்மா. சொல்லவில்லை. நினைத்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சரி, கொப்பிக்கு மட்டும் சொல்கிறேன். கோகுலன்.

ஓமந்தையில் வீடு, நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். தை மாதம் கிளிநொச்சிப் புத்தகக் கண்காட்சியில் ஒரே புத்தகத்தின் கடைசிப் பிரதிக்கு இருவரும் கை நீட்டினோம். விட்டுக்கொடுத்தார். பெருந்தன்மை என்று நினைத்தேன். மறுகிழமை இரவல் கேட்டார். அன்றைக்குத் தொடங்கிய கதை இன்னும் முடியவில்லை. பாதிக் கதை புத்தகம், மீதிக் கதை குளம். அக்கராயன் குளத்தின் அணைக்கட்டைப் பார்க்க வருகிற நாட்களில், எங்கள் வீட்டுப் படலையைப் பார்க்காமல் போவதற்கு மிகவும் பாடுபடுகிறாராம். ஒரேயொரு குறை: பால் விடாத பிளேன்ரீயையும் சீனி போடாமல் குடிக்கிறார்.

ஏன் வீட்டில் சொல்லவில்லை? அக்கா. அக்கா விரும்பிக் கட்டினதற்கு அப்பா இரண்டு வருடம் அவளோடு கதைக்கவில்லை. இப்போது பேரப்பிள்ளையைத் தோளில் வைத்துத் திரிந்தாலும், "இன்னொருக்கா உப்பிடி ஒண்டெண்டால் நான் தாங்கமாட்டன்" என்று சொல்லத் தவறுவதில்லை. ஆகவே நானும் கோகுலனும் சேர்ந்து ஒரு 'பேச்சுக்கலியாணம்' தயாரிக்கிறோம். அவருடைய மாமி புரோக்கர் தவராசா அண்ணையின் காதில் என் பெயரைப் போடுவா. மிச்சத்தை அவர் தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்வார்.

செப்டம்பர் 1, திங்கள்

கண்டுபிடித்துவிட்டார்!

தவராசா அண்ணை மோட்டார் சைக்கிளை நிறுத்த முன்னமே அம்மாவிடம் தொடங்கினார். "அக்கா, கண்ணுக்குள்ள வைச்சிருந்த இடம் ஒண்டு. ஓமந்தைப் பெடியன். அரசாங்க உத்தியோகம். ஆரோடையும் கதை பேச்சில்லை. ஒரு ஊமை மாதிரி."

ஊமை! நேற்றும் என் போன் சூடாகும்வரை கதைத்த ஊமை. "ஆர் ஆள்?" என்று கேட்டேன். நல்ல நடிப்பு. குசினிக்குள் போய்த்தான் சிரித்தேன்.

அம்மா மட்டும், "நாங்களும் விசாரிக்க வேணும்" என்றா.

செப்டம்பர் 3, புதன்

கணினியை மூடி, அதன்மேல் அந்தக் கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

கூட்டுறவுச் சங்கம் பற்றிய ஒரு நூலைத் திருத்திக்கொண்டிருந்தேன். சீனிப் பங்கீடு என்று எங்கோ ஒரு வரி வந்தது. எந்தப் பக்கம் என்று கணினியிடமே கேட்டேன். பக்கத்தைக் காட்டியது. கேட்காமலே இன்னொரு படத்தையும் பக்கத்தில் வைத்தது. போன கிழமை கோகுலனுக்கு நான் எழுதியது: 'சீனி இல்லாமல் பிளேன்ரீ குடிக்கிற ஆளை எப்படி நம்புறது?'

சில விநாடிக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்கிறதாம். பிறகு என்ன கேட்டாலும் தேடித் தருமாம். அண்ணா குடுத்த ஓம்களில் இதுவும் ஒன்று.

கோகுலனிடம் சொன்னேன். "உடன நிப்பாட்டும் அதை" என்றார். பிறகு, "நான் எழுதினதெல்லாம் இருக்கோ? எழுத்துப்பிழையோடயோ?" என்றார். அவருடைய கவலை அது.

நிறுத்தத்தான் போனேன். ஆனால் அதே கணினி, நான் திருத்திவிட்டுத் தொலைத்துவிட்டேன் என்று அழுத அந்த நூலின் முகவுரையை ஒரு நொடியில் எடுத்துத் தந்தது. வெட்கம்தான், உதவி செய்கிற ஒற்றனை யாருக்குத் துரத்த மனம் வரும்? அதோடு, அந்த ஞாபகங்களுக்கு ஒழுங்கைக்கே தெரிந்த இலக்கம் செல்லாது. என் முகம் வேண்டும். என் முகம் என்னிடம்தானே இருக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

என் முகம் என்னிடம் மட்டும் இல்லை.

வளவிலிருந்து வந்தேன். அம்மா கதிரையில், மூக்குக்கண்ணாடியோடு, கணினிக்கு முன்னால். திரை உயிரோடு இருக்கிறது.

"ஆர் திறந்து தந்தது?"

"அதுவாத்தான் திறந்தது. வணக்கம் சுதாஜினி எண்டுது. பாவம், அதுக்குக் கண் தெரியாதுபோல."

அப்பா வாசலிலிருந்து எட்டிப்பார்த்தார். "அதுக்கு நல்லாத்தான் தெரியுது. முப்பது வருசத்துக்கு முந்தி நீ உவளைப்போலதான் இருந்தனீ."

அம்மாவை உரித்து வைத்திருக்கிறது என்று ஊரே சொல்லும். ஆனால் ஒரு சுருக்கம், ஒரு நரை, ஒன்றுகூடவா அதன் கண்ணில் படவில்லை? எனக்கு இருபத்தாறு வயது! இந்த அவமானத்தை யாரிடம் முறையிடுவது?

"என்னம்மா பாத்தனீங்கள்?"

"கத்தரிக்குப் பூச்சி விழுந்திருக்கு. மருந்து கேட்டனான்."

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அது என் முகமென்றால் எனக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டுமே! அம்மா எழும்பியவுடன் படம் பிடிப்பதை நிறுத்தினேன். பிடித்த படங்கள் எல்லாவற்றையும் அழித்தேன். இப்போதுதான் மூச்சு வருகிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

சாதகக் குறிப்புப் பொருந்தவில்லை.

என் பழைய குறிப்பு இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. அம்மா சொன்ன பிறந்த நேரத்தை வைத்துக் கிளிநொச்சிச் சாத்திரியார் புதிதாகக் கணித்தார். இளம் ஆள்; பஞ்சாங்கம் இல்லை, கணினிதான். செவ்வாய் பன்னிரண்டில் நிற்கிறதாம். எனக்குச் செவ்வாய்க் குற்றம். கோகுலனுக்கு இல்லை. ஆகவே கூடாது.

"இவளுக்குச் செவ்வாய் இல்லைத் தம்பி. பழைய குறிப்பில இல்லை. எனக்கு நல்ல ஞாபகம்" என்றா அம்மா.

"அக்கா, நான் சொல்லேல்லை. கொம்பியூட்டர் சொல்லுது."

அப்பா வீட்டுக்கு வந்து சேர்ட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டு, "அப்ப விடுவம். வேற இடம் பாப்பம்" என்றார். அவ்வளவுதான். அவருக்கு அது ஒரு இடம்.

செப்டம்பர் 15

உண்மையைச் சொல்லிவிடலாமா? அப்பாவின் இரண்டு வருடம் ஞாபகம் வருகிறது. அக்கா போன் எடுத்தால் எழும்பி வயலுக்குப் போய்விடுவார். எனக்கும் அப்படி எழும்பிப் போவாரா?

செவ்வாய்க்கு ரொக்கற் விடுகிறார்கள், அதனால் ஒரு குற்றமும் இல்லை, நமக்குத்தான் குற்றம் என்றார் கோகுலன். சிரித்தோம். பிறகு, போன் சூடாக முன்னமே வைத்துவிட்டார். ஊமை.

செப்டம்பர் 18, வியாழன்

அம்மா காலையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் சாத்திரியாரிடம் போனா. எதற்கென்று சொல்லவில்லை. திரும்பி வரும்போது அப்பா படலையிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தார்.

"உன்ர கொம்மா அந்தப் பெடியனை உலுப்பிப்போட்டா! தம்பி, உந்தப் பெட்டி தொண்ணூற்றொன்பதில எந்த நேரம் பாவிச்சது எண்டு கேட்டா. அவன் முழிக்கிறான்."

இதுதான் விசயம். அந்தக் காலத்தில் கொழும்பு தன் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தது. வன்னியை ஆண்டுகொண்டிருந்த இயக்கம் தள்ளவில்லை. இங்கே பழைய நேரம்தான். பிறகு ஓமந்தைச் சோதனைச்சாவடி திறந்தபோது, அதைத் தாண்டும் சனம் மணிக்கூட்டைத் திருப்பிக்கொண்டுதான் தாண்டியது. கோகுலன் பிறந்தது வவுனியா ஆஸ்பத்திரியில், கொழும்பு நேரத்தில். நான் பிறந்தது அக்கராயனில். அம்மா சொன்னது எங்கள் நேரம். சாத்திரியாரின் கணினி அதைக் கொழும்பு நேரமாக எடுத்து, என்னை அரை மணித்தியாலம் முந்திப் பிறக்க வைத்துவிட்டது.

திருத்திப் போட்டவுடன் செவ்வாய் எழும்பிப் பதினொன்றில் போய் இருந்துகொண்டதாம். குற்றம் இல்லை. பொருத்தம் உத்தமம்.

"இதெல்லாம் எப்பிடியம்மா பிடிச்சனீங்கள்?"

"பெத்தவளுக்கு நேரம் தெரியாதோ?" என்று குசினிக்குப் போய்விட்டா.

செப்டம்பர் 20, சனி

வாசித்திருக்கக் கூடாது. வாசித்தேன். எழுதி வைக்கிறேன்.

மெய்ப்பில் ஒரு சந்தேகம் வந்து கணினியிடம் கேட்கப் போனேன். திரையின் ஓரத்தில் 'முந்தைய உரையாடல்கள்' என்று இருந்தது. திரையைப் படம் பிடிக்கிற கண்ணை மூடிவிட்டேனே தவிர, கதைத்ததை வைத்திருக்கிற காதை நான் கவனிக்கவில்லை. தலைப்புகளையும் அதுவே போட்டிருந்தது. 'கத்தரிப் பயிரில் பூச்சிக் கட்டுப்பாடு.' அம்மா பொய் சொல்லவில்லை. அதற்கு மேலே, 'செவ்வாய் தோஷமும் நேர வேறுபாடும்.' திறந்தேன். பதினேழாம் திகதி.

1999இல் இலங்கை நேரம் அரை மணித்தியாலம் முன்னே இருந்ததைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று கணினி விளக்குகிறது.

அம்மா: அது அவையின்ர நேரம். எங்கட நேரம் மாறேல்லை.

கணினி: மன்னிக்கவும், இலங்கை முழுவதற்கும் ஒரே நேரமே நடைமுறையில் இருந்தது.

அம்மா: நீ அப்ப பிறந்திருந்தனியோ?

கணினி: இல்லை, நான் பிறக்கவில்லை. உங்கள் கேள்விக்கு வேறு எவ்வாறு உதவலாம்?

அம்மா: நீ உதவினது காணும்.

விழுந்து விழுந்து சிரித்தேன். என் ஒவ்வொரு வரியையும் படம் பிடித்து வைத்திருந்த சாமானுக்கு வன்னி தள்ளாத அந்த அரை மணித்தியாலம் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கடைசியில் இன்னொரு தலைப்பு. செப்டம்பர் 4. புரோக்கர் வந்து மூன்று நாள். 'ஓமந்தை கோகுலன் குறித்த விசாரணை.'

விசாரிக்க வேணும் என்றாவே. ஒழுங்கையில் யாரிடமும் கேட்காமல், ஊர்க்கதை ஆகக்கூடாது என்று, இதனிடம் வந்து கேட்டிருக்கிறா. ஓமந்தையில கோகுலன் எண்டு ஒரு பெடியன், குளத்து வேலை, ஆள் எப்பிடி?

அது சொல்லியிருக்கிறது. 'நீங்கள் கோகுலனுடன் அடிக்கடி உரையாடுகிறீர்கள், சுதாஜினி. இதோ சில பதிவுகள்.' முகத்தைப் பார்த்து நான்தான் என்று நம்பி, எல்லாவற்றையும் எடுத்து அம்மாவின் மடியில் வைத்திருக்கிறது. மாமி, புரோக்கர், 'தயாரிப்பு', எல்லாம்.

கீழே அம்மா கேட்டது ஒன்றேயொன்று. பெடியன் மரியாதையாக் கதைக்கிறவனோ?

'ஆம். அவருடைய செய்திகள் கனிவானவை.'

அம்மா: சரி பிள்ளை. இதை எங்கட இவரிட்டச் சொல்லிப்போடாத.

'புரிந்தது. இது நம் இருவருக்கும் இடையில் மட்டும் இருக்கும்.'

நான் அதை வாசித்துக்கொண்டிருக்கிறேன்!

ஒற்றன், ஒற்றன் என்று இதுவரை எழுதியவள் நான். இன்று அம்மாவின் கதையை ஒளித்திருந்து கேட்டவள் யார்? இந்த இரண்டு கிழமையும் அம்மா என்னைப் பார்த்து ஒரு சொல் விடவில்லை. ஒரு கண் சிமிட்டவில்லை. தெரிந்துகொண்டே தெரியாமல் இருந்திருக்கிறா. அது ஒரு பூட்டுத்தான். இலக்கம் இல்லாத பூட்டு.

எல்லா உரையாடலையும் தெரிவு செய்தேன். நிரந்தரமாக அழிக்கவா, மீட்க முடியாது, என்று கேட்டது. இந்த வீட்டில் முதல்தடவையாக ஓர் ஆள் முழுவதையும் வாசித்துப் பார்த்து ஓம் குடுத்தது.

ஒக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூசை. என் புத்தகங்கள், அப்பாவின் மண்வெட்டி, மேலே மடிக்கணினி, பக்கத்தில் அவல், கடலை.

அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தா. இந்தமுறை மூடியில் வைக்கவில்லை. கணினியைத் திறந்து, திரைக்கு மேலே இருக்கிற அந்தச் சின்னக் கண்ணில், நிறையச் சந்தனம் தொட்டு, தடிப்பாக ஒரு பொட்டு.

"ஏனம்மா அதில?"

"கண் இருக்கிற சாமானுக்குக் கண்ணிலதான் வைக்க வேணும்."

நான் அவாவைப் பார்க்கவில்லை. அவா என்னைப் பார்க்கவில்லை. கற்பூரத்தைப் பார்த்தோம்.

ஒக்டோபர் 3

பொட்டுக் காய்ந்து கல்லாகிவிட்டது. இப்போது அதற்கு என்னையும் தெரியாது, அம்மாவையும் தெரியாது. இலக்கம் போட்டுத்தான் திறக்கிறேன். புது இலக்கம். கேட்ட சனத்துக்கு, பூசையோடு மாறிப்போச்சு என்று அம்மாவே சொல்லி அனுப்புகிறா.

ஒக்டோபர் 5, ஞாயிறு

பொம்பிளை பார்க்க வந்தார்கள். கோகுலன் புதுச் சேர்ட்டின் மடிப்புக் குலையாமல் நேராக இருந்தார். தவராசா அண்ணை நடுவில் இருந்து, இருவருக்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

அம்மா குசினியில் என் சேலைத் தலைப்பைச் சரிசெய்தா. "முதன்முதலாக் காணுற ஆள். கொஞ்சம் குனிஞ்சு நில்."

குனிந்து நின்றேன். நடிப்பு இல்லை, நிமிர முடியவில்லை.

தட்டத்தை அம்மாவே கொண்டுவந்தா. எல்லாருக்கும் பால் தேத்தண்ணி. கோகுலனுக்கு மட்டும் ஒரு பிளேன்ரீ. ஒரு வாய் குடித்தவரின் கோப்பை அந்தரத்தில் நின்றுவிட்டது. என்னைப் பார்க்கக் கூடாது என்பதை மறந்து, பார்த்தார்.

"தம்பிக்கு மட்டும் ஏன் வேற?" என்றார் அப்பா.

"அவர் சீனி போடமாட்டார்."

"அது உனக்கு எப்பிடித் தெரியும்?"

அம்மா ஆறுதலாக மற்றக் கோப்பைகளை வைத்தா. "தவராசா தம்பி சொன்னவர்."

தவராசா அண்ணை ஒரு கணம் முழித்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார். "ஓமோம், நான்தானே சொன்னனான். விசாரிக்காமல் நான் ஒரு இடமும் கொண்டு வாறேல்லை."

கார்த்திகைக்கு முன்னம் கலியாணத்துக்கு நாள் வைக்கலாம் என்று முடிவானது. அப்பாவுக்கு மிகவும் சந்தோசம். பேசிச் செய்கிற கலியாணத்தின் அழகே வேறு என்று வந்தவர்களுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். அம்மா ஓம் ஓம் என்று தலையாட்டினா. நானும் ஆட்டினேன்.

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.