மஞ்சள் வண்டியா, வெள்ளை வண்டியா

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் தங்கை எழுதுவது. எல்லாரும் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நீங்களும் அண்ணியுமாவது நன்றாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். போன் இருக்கும்போது கடிதம் என்ன புதுப் பழக்கம் என்று கேட்பீர்கள். நீங்கள் கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போடு என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார் உங்கள் மாப்பிள்ளை. அப்புறம் நான் வெயில் அடிக்கிறது, தண்ணீர் வருகிறது என்றுதான் பேச முடியும்.

இரண்டு குட்டி லோடரில் எதை வாங்கலாம், நீயும் ஓட்டுகிறவள்தானே, உன் கருத்தைச் சொல் என்று கேட்டிருந்தீர்கள். கேட்டதற்குச் சந்தோஷம். இங்கே என்னை யாரும் கேட்கவில்லை, கிரீஸ் அடிக்க மட்டும் கூப்பிடுகிறார்கள்.

மஞ்சள் வண்டி நம் பழைய வண்டிக்குப் பெரியப்பா பிள்ளை மாதிரி. இரண்டு கைக்கும் இரண்டு லீவர். இடது லீவர் இடது பக்க ரப்பர் பட்டையை ஓட்டும், வலது லீவர் வலது பக்கத்தை ஓட்டும். பக்கெட்டைத் தூக்க, இறக்க, கவிழ்க்க எல்லாம் கால் பெடல். தோண்டுவதில் ராட்சசன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கெட் மேலே போகப் போக வண்டியைப் பார்த்துப் பின்னால் வந்துவிடுகிறது. மண் லாரியின் ஓரத்தில்தான் விழும், நடுவில் விழாது. ஒரு நாள் முழுக்க ஓட்டினால் இடுப்பு தனியாகக் கழன்று வந்து நம்மிடம் நியாயம் கேட்கும்.

வெள்ளை வண்டியில் பக்கெட் நேராக மேலே போய் லாரியின் நடுவில் கொட்டுகிறது. அடியில் ஸ்பிரிங் இருப்பதால் குலுக்கல் குறைவு. பெடலே கிடையாது, எல்லாம் கைதான். புது முறைப்படி இடது கை ஓட்டத்துக்கு, வலது கை பக்கெட்டுக்கு. வலது கையை முன்னால் தள்ளினால் பக்கெட் இறங்கும். பழகாதவர்களுக்காக ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். அதைத் தட்டினால் பழைய முறைக்கு மாறிவிடும். அப்போது ஒவ்வொரு கையும் ஒரு பட்டையை ஓட்டும். பக்கெட்டைத் தூக்க இடது கையை வெளிப்பக்கம் சாய்க்க வேண்டும், இறக்க உள்பக்கம் சாய்க்க வேண்டும். எந்த முறையில் இருக்கிறது என்று ஒரு சின்ன விளக்கு காட்டும்.

வண்டிகளின் கதை அவ்வளவுதான். இனி ஆட்களின் கதை. நம் தம்பிக்கு வெள்ளை வேண்டும், உங்கள் மாப்பிள்ளைக்கு மஞ்சள் வேண்டும். எவன் சொல்கிற வண்டி வருகிறதோ அவனே ஓட்டட்டும், சைட்டையும் அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று நீங்கள் போனில் சொன்னீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் இரண்டு மாட்டுக்கும் கொம்பு சீவிவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொண்டீர்கள்.

போன வாரம் ஷெட்டில் பேச்சு ஆரம்பித்தது. பெடல் மிதிக்கிற காலமெல்லாம் போயிடுச்சு மாமா, நீங்க வீட்ல தையல் மெஷின் மிதிங்க என்று தம்பி சொன்னான். அவனுக்கும் வாய் கொஞ்சமா? சொல்லி முடிப்பதற்குள் பெரிய ஸ்பேனர் பறந்து வந்தது. காதை உரசிக்கொண்டு போய் டீசல் டிரம்மில் ஒரு குழியே போட்டது. காது மடல் கிழிந்து தொங்கியதைத் தம்பி தொட்டுப் பார்த்தான். பிறகு கடப்பாரையை எடுத்துப் போய் அவருடைய ஜீப்பின் கண்ணாடி, விளக்கு, கதவு என்று ஒவ்வொன்றாக நிதானமாக நொறுக்கினான். அவர் பின்னாலிருந்து பாய்ந்து அவன் தலையைப் பிடித்து பானெட்டில் மோதினார். ஒரு தடவை இல்லை. விலக்கப் போன எனக்கு யாருடைய முழங்கையோ பட்டு உதட்டில் தையல். யாருடையது என்று இரண்டு பேரும் இன்றுவரை சொல்லவில்லை.

அன்று இரவு அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், உன் தம்பியை ஒருநாள் அவன் தோண்டுற குழியிலேயே வச்சு மூடிடுவேன் என்று. குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்று என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். கோபத்தில் கத்தினால் எனக்கு இவ்வளவு பயம் வராது அண்ணா. கத்துவதும் கை ஓங்குவதும் எனக்குப் பழகிப்போனவை.

இப்போது இரண்டு கம்பெனிக்காரர்களும் வண்டியைச் சைட்டுக்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்டப் போகிறார்கள். எதிராளி சொல்கிற வண்டியை ஒவ்வொருவனும் ஓட்டிப் பார்த்தால்தான் நியாயம் என்று அதற்கும் நீங்களே வழி சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். வேண்டாம் அண்ணா. நீங்களே அங்கிருந்து ஒன்றை முடிவு செய்து சொல்லிவிடுங்கள். எது வந்தாலும் நான் ஓட்டிக்கொள்கிறேன். இரண்டு பேரையும் ஒரே சைட்டில் விடாதீர்கள்.

பதிலைப் போனில் சொல்ல வேண்டாம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை

*

அண்ணா,

என் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நேற்றுப் போனில் நீங்கள் அழுதது கேட்டது. கை தவறினதுக்கு யாரை நோகுறது, மாப்பிள்ளையை ஒண்ணும் சொல்லாதே, அவரே உடைஞ்சு போயிருக்கார் என்றீர்கள். அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சரி அண்ணா என்று சொல்லிவிட்டு வைத்தேன். இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில், மாத்திரை டப்பாவின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு கடைசிவரை படியுங்கள்.

வெள்ளை வண்டியை முந்தின நாளே சைட்டில் இறக்கிவிட்டு, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார் கம்பெனிக்காரர். விளக்கு புது முறையில் எரிந்தது. மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன்னால் நான் வண்டியில் ஏறி சுவிட்சைத் தட்டிப் பழைய முறைக்கு மாற்றினேன். ஏன் என்று கேட்பீர்கள். மேஸ்திரி, லாரிக்காரர்கள், தம்பி எல்லார் முன்னாலும் அவர் தடுமாறினால் அந்தக் கோபம் வீட்டுக்கு வந்து யார் முதுகில் இறங்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு ராத்திரியாவது அடி வாங்காமல் தூங்கலாம் என்றுதான் மாற்றினேன். அவர் ஏறும்போது மெதுவாகச் சொன்னேன், உங்க பழைய கைக்கே வச்சிருக்கேன் என்று. தலையை ஆட்டினார். வேறு யாருக்கும் இது தெரியாது.

தம்பி மஞ்சளை ஓட்டினான். பக்கெட் லாரியின் பக்கப் பலகையில் இடித்து, பாதி மண் வெளியே கொட்டியது. அவர் வெள்ளையை ஓட்டினார். லாரியின் நடுவில் அழகாகக் குவித்தார். முதல் நாளே புது முறையில இப்படி ஓட்டுறாரே என்று கம்பெனிக்காரர் வியந்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அவர் நன்றாக ஓட்ட ஓட்ட வெள்ளை வண்டிதான் ஜெயித்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மேஸ்திரி சொல்லிவிட்டார், இனி பேச்சே இல்ல, வெள்ளைதான் என்று. தம்பி கைதட்டிக்கொண்டே வந்தான். மாமா, நீங்களே ஓட்டி எனக்கு சைட்டை வாங்கிக் குடுத்துட்டீங்க, ரொம்ப நன்றி என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான்கூடச் சிரித்தேன். பக்கெட் எவ்வளவு உயரம் போகிறது என்று உங்களுக்குப் படம் அனுப்ப வேண்டுமாம். அளவு டேப்பை இழுத்துக்கொண்டு, அவர் சீட்டில் இருந்தபடி தூக்கி வைத்திருந்த பக்கெட்டுக்கு அடியிலேயே போய் நின்றான். தூக்கிய பக்கெட்டுக்குக் கீழே நிற்கக் கூடாது என்பது மண் வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பது. சந்தோஷத்தில் மறந்துவிட்டான்.

பக்கெட் இறங்கியது. தம்பி நிமிர்ந்து பார்த்துப் பின்னால் பாய்ந்தான். மண்கட்டியில் கால் தடுக்கி மல்லாக்க விழுந்தான். தலையும் உடம்பும் வெளியே வந்துவிட்டன. முழங்காலுக்குக் கீழே இரண்டு காலின் மேலும் பக்கெட் உட்கார்ந்தது. எலும்பு உடைகிற சத்தம் என்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவன் கத்தவில்லை, வாயைத் திறந்து திறந்து மூடினான். கையில் டேப் அப்படியே இருந்தது. நான் ஓடினேன். அப்போதும் பக்கெட் நிற்கவில்லை அண்ணா. இறங்க இடமில்லாமல் போனதும் வண்டியின் முன்பக்கம் தரையை விட்டு எழும்பியது. வண்டியின் மொத்தப் பாரமும் அவன் காலின் மேல் இருந்தது. லீவரிலிருந்து கையை எடுத்தாலே பக்கெட் நின்றுவிடும். அவர் எடுக்கவில்லை. கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன். அன்று குழம்பு கேட்ட முகம்.

மேஸ்திரி கதவைத் திறந்து அவரை வெளியே இழுத்துப் போட்டார். அதற்குள் அவர் அழ ஆரம்பித்துவிட்டார். பழைய வண்டி ஞாபகத்தில் திரும்புவதற்காக வலது கையை முன்னால் தள்ளினேன், புது முறையில் அது பக்கெட்டை இறக்கும் என்று தெரியாமல் போச்சே என்று மண்ணில் விழுந்து புரண்டு அழுதார். கம்பெனிக்காரரும் தலையில் அடித்துக்கொண்டு, ஆமாம், பழைய ஆளுங்க செய்ற தப்புதான் இது என்றார். போலீஸ்காரரும் அதையேதான் எழுதிக்கொண்டார். உங்களுக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள்.

பக்கெட்டைத் தம்பியின் மேலிருந்து தூக்கியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான்தான் தூக்கினேன். சீட்டில் உட்கார்ந்து, மடிக்கு மேல் வரும் பாதுகாப்புக் கம்பியை இறக்கி, இடது கையை வெளிப்பக்கம் சாய்த்தேன். பக்கெட் எழுந்தது. வலது கை லீவரைத் தொடவே இல்லை. வண்டி பழைய முறையில்தான் இருந்தது அண்ணா. அந்த முறையில் வலது கையை எவ்வளவு தள்ளினாலும் வண்டி திரும்பும், பக்கெட் இறங்காது. இறக்க வேண்டுமென்றால் இடது கையை உள்பக்கம் சாய்த்தே ஆக வேண்டும். சாய்த்து, அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

போலீஸ் வந்து பார்த்தபோது விளக்கு புது முறையில் எரிந்தது. நான் இறங்கிய பிறகு வண்டியில் ஏறியது உங்கள் மாப்பிள்ளை ஒரே ஆள்தான், சாவியை எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு.

அவன் இப்போது ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறான். இத்தனை வருஷமாக அவர், இவர் என்று எழுதிய கை இதற்கு மேல் மரியாதை போட மாட்டேன் என்கிறது, மன்னியுங்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அவனுக்குத்தான் ஆறுதல் சொல்கிறார்கள். நேற்று ராத்திரி மாடிப்படித் திருப்பத்தில் என் கழுத்தைச் சுவரோடு சேர்த்து அழுத்தினான். சுவிட்ச் விஷயம் உன்கூடவே போகணும், இல்லேன்னா அவன் இன்னும் படுத்துத்தான் கிடக்கான், ஞாபகம் வச்சுக்கோ என்றான். கையில் ஊசி டப்பாவோடு நர்ஸ் ஏறி வந்ததும் விட்டுவிட்டு, அவளிடம் தம்பிக்கு ஜுரம் எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

தம்பிக்கு இன்று காலையில் நினைவு நன்றாகத் திரும்பியது. என் கழுத்தைப் பார்த்தான். அக்கா, மாமா கை தவறிடுச்சுன்னு சொல்றாரே, நெசந்தானா என்று கேட்டான். நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து வெளியே வந்தேன். அதற்குப் பிறகு உள்ளே போகவில்லை, இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். முடித்துவிட்டு உள்ளே போய் அவனிடம் இல்லை என்று சொல்லப் போகிறேன். அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். இந்த வார்டு நர்ஸ் பழத்தைக்கூட வாங்கி வைக்காமல், அவனை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவள் ஒருத்திக்கு மட்டும் சொன்னேன்.

புருஷனைக் காட்டிக்கொடுக்கிறாள் என்று ஊரே என்னைத் திட்டும், திட்டட்டும். நீங்கள் மட்டும் குடும்பம், மானம் என்று ஆரம்பிக்காதீர்கள். என் வாயை நம்பாவிட்டாலும் என் இடது கையை நம்புங்கள். கிடைக்கிற வண்டியில் ஏறிக் கிளம்பி வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். அண்ணன் நிற்கிறான் என்று தெரிந்தால்தான் நான் சொல்வதை எழுதிக்கொள்வார்கள்.

லோடர் விஷயம் கேட்டிருந்தீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் இன்று தாளை நீட்டினார், நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளைக்குக் காலையில் அறுவை. தம்பி ஆசைப்பட்டபடி வெள்ளை வண்டியையே வாங்குங்கள் அண்ணா. அதை ஓட்டக் கால் வேண்டாம்.

உங்கள் வருகைக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
தங்கை