பருப்புப் பொட்டலமும் பழைய கேமராவும்

சென்னை,
28-9-2024

அன்புள்ள அத்தானுக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய கேமரா என்னிடம்தான் இருக்கிறது. போன வாரம் துணி எடுக்க நம் வீட்டுக்கு வந்தபோது, பீரோவில் மப்ளர் சுற்றி வைத்திருந்ததை அப்படியே பையில் போட்டுக்கொண்டேன். திருட்டுதான். சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொள்கிறேன்.

தோழி தாரணி வீட்டில் பத்து நாள் தங்கி ஊர் சுற்றுகிறேன். பகலில் போட்டோ கேலரி பார்ப்பது, ராத்திரியில் படம் எடுப்பது, இதுதான் சோலி. கொடைக்கானலில் இருட்டிய பிறகு வாசலுக்கு வந்தால் காட்டுமாடு நிற்கும். இங்கே பதினோரு மணிக்கு ரோட்டில் நின்று ஐஸ்கிரீம் தின்கிறார்கள்! எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்று போன கேலரியில் எல்லாமே ராத்திரிப் படங்கள். ஒருவர்கூடக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. டீக்கடையைச் சாத்துகிற ஒரு பெண்ணின் படத்துக்கு முன்னால் இருபது நிமிடம் நின்றேன். காவலுக்கு இருந்த அம்மா, "என்னம்மா, தெரிஞ்சவங்களா?" என்றே கேட்டுவிட்டார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே சின்ன அட்டையில் எடுத்தவர் பெயர். உங்கள் நினைவு வந்தது. வியூ பாயின்ட்டில் பதினைந்து வருடமாக டூரிஸ்டுகள் எத்தனை ஆயிரம் பேரை, சூரியனைக் கையில் ஏந்துகிற மாதிரி நிற்க வைத்துப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்! ஒன்றின் கீழாவது உங்கள் பெயர் உண்டா?

இதனால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஏப்ரலில் அத்தனை டூரிஸ்டுகள் முன்னால், "ஏய், லென்ஸ்ல கைரேகை படும்" என்று என் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கினீர்களே. அன்றைக்கு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறியவள் நான். "போன்ல பேசுனா ரெண்டு பேரும் பாதியில கட் பண்ணிப்புடுறீங்க. ஆறு மாசம் கடுதாசி எழுதுங்க. அப்பறமும் பிரியணும்னா வாங்க, பேசுவோம்" என்றார் நம் சர்ச் பங்குச் சாமியார். இந்த அக்டோபரோடு ஆறு மாதம் முடிகிறது.

என் படங்களெல்லாம் ஆடிப்போய் வருகின்றன. ஏன்?

ஷைலா

~

கொடைக்கானல்,
30-9-2024

ஷைலாவுக்கு,

கேமராவைக் காணோம் என்று பக்கத்துக் கடை அஜித்குமாரைச் சந்தேகப்பட்டு, மூன்று நாள் அவனிடம் பேசவில்லை. இனி தினமும் அவனுக்கு டீ வாங்கிக் கொடுக்கவேண்டும்.

கேமரா ஸ்டாண்டு இங்கே இருக்கிறது. ஆடாமல் என்ன செய்யும்? அரைக் கிலோ துவரம் பருப்பு வாங்கு. துணிப்பையில் தளர்வாகக் கட்டிச் சுவரில் வைத்து, அதன் மேல் கேமராவை அழுத்தி உட்கார வை. விரலால் அமுக்காதே, டைமர் போடு. ஷட்டர் முப்பது விநாடி திறந்திருக்கட்டும். பேட்டரி மூடி லூசு, ரப்பர் பேண்ட் மாட்டு.

பெயர் பற்றி எழுதியிருந்தாய். இங்கே வருகிறவர்களுக்கு அவர்கள் முகம் விழுந்தால் போதும், எடுத்தவன் யார் என்று எவன் கேட்கிறான்? ஒரு வாரமாக இங்கே பனிமூட்டம். மூட்டம் விழுந்த படத்தை யாரும் வாங்குவதில்லை. விழுந்தால் உடனே அழித்துவிடுவேன்.

பிடுங்கியதைப் பற்றியும் எழுதிப் பார்த்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

ரெக்ஸ்

லென்ஸை முந்தானையால் துடைக்காதே.

~

சென்னை,
3-10-2024

அன்புள்ள அத்தானுக்கு,

பருப்பு வேலை செய்கிறது! தாரணியின் மாமியார் சண்முகவள்ளி அம்மா சாம்பாருக்குப் பருப்பைத் தேட, அது நேப்பியர் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தது.

அங்கே நடந்த கூத்தைக் கேளுங்கள். பையிலிருந்து கேமராவை எடுத்துக் கண்ணை வைத்தேன். ஒரே வெள்ளை. "மூட்டம் எறங்கிருச்சு தாரணி, கொஞ்சம் பொறு, வெலகிரும்" என்று கண்ணை எடுக்காமலே நின்றேன். நம் ஊர்ப் பழக்கம்! அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏன்டி, சென்னையில ஏதுடி மூட்டம்? நட்சத்திரமே பளிச்சுன்னு தெரியுது!" நிமிர்ந்து பார்த்தால் நிஜமாகவே வானம் துடைத்துக் கிடந்தது. கொடைக்கானல்காரிக்கு வெக்கை தாங்காது என்று அவள் என் அறையில் ஏசியைப் பதினெட்டில் வைத்திருந்தாள். அந்தக் குளிரில் கிடந்த லென்ஸ், வெளிக்காற்று பட்டதும் வேர்த்துவிட்டது. ஆனால் நான் அதற்குள், எதற்கும் இருக்கட்டும் என்று டைமரை அமுக்கியிருந்தேன்.

அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு இதில் வைத்திருக்கிறேன். விளக்கெல்லாம் கரைந்து, பாலம் பாதிதான் தெரிகிறது. இந்த வாரம் நாலு கேலரி பார்த்துவிட்டேன், இப்படி ஒரு படம் எங்கும் இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை அத்தான். அழித்துவிடு என்று சொல்லாதீர்கள். வத்தலக்குண்டில் அம்மா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறேன்.

ஷைலா

~

கொடைக்கானல்,
8-10-2024

அன்புள்ள ஷைலா,

அழிக்கச் சொல்லமாட்டேன். கடையில், சூரியனை ஏந்துகிற சாம்பிள் படங்களுக்கு நடுவில் உன் பாலத்தை மாட்டியிருக்கிறேன். கீழே அட்டையில் ‘எடுத்தவர்: ஷைலா’ என்று எழுதினேன். என் கையெழுத்து கோணல், பொறுத்துக்கொள்.

நேற்று தஞ்சாவூர்க்காரர் ஒருவர் தன் குடும்பப் படத்தை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதைத் தர்றீங்களா?" என்றார். "எடுத்தவங்களைத்தாங்க கேக்கணும்" என்றேன். "எப்ப வருவாங்க?" என்றார். அவருடைய போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.

பிடுங்கியது தப்பு. உனக்குப் படம் எடுக்க வராது என்று நினைத்ததில்லை. வந்துவிடுமே என்றுதான் பயந்தேன். கேமராவைத் தவிர எனக்கென்று என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இதை எழுத ஆறு மாதம் ஆகியிருக்கிறது.

இன்று மூட்டத்தில் ஒரு படம் எடுத்தேன். அழிக்கவில்லை.

அவருக்கு என்ன பதில் சொல்ல?

ரெக்ஸ்

~

வத்தலக்குண்டு,
10-10-2024

அன்புள்ள அத்தானுக்கு,

சனிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வருகிறேன். தஞ்சாவூர்க்காரரிடமும் அதையே சொல்லுங்கள். பிரிவதைப் பற்றிப் பேச வரவில்லை என்று சாமியாரிடம் நானே சொல்லிவிட்டேன்.

கேமரா ஸ்டாண்டுக்கு எண்ணெய் போட்டு வையுங்கள், ராத்திரி ஏரிக்கரைக்குப் போகவேண்டும். காட்டுமாடு வந்தால் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ் ஸ்டாண்டில் துணிப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். கேமரா என் கழுத்தில்தான் இருக்கும்.

உங்கள் ஷைலா