சீமை அத்தியும் ஆட்டுப்பால் கட்டியும்

மயினி,

இன்று காலை எங்கள் வீட்டில் பால் திரிந்துவிட்டது. சின்னவனுக்கு இருமல் என்று வாங்கிய ஆட்டுப்பால். அடுப்பிலிருந்து இறக்குவதற்குள் தண்ணீர் தனியாகவும் திப்பி தனியாகவும் பிரிந்து நின்றது. அந்தப் புளித்த வாடை கூடத்துக்கு வந்ததும் நான் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டேன். வேறு வீடாக இருந்தால் பெண்கள் முகம் சுளித்திருப்பார்கள். என் மனைவியோ சிரித்துக்கொண்டே, "மயினி இருந்தா இந்நேரம் வெள்ளைத்துணி தேடியிருப்பாவ" என்றாள். அதற்குப் பிறகு எனக்கு அலுவலகம் போகப் பிடிக்கவில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் எதையும் எளிதில் மறப்பவன் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். என்னைவிடக் குறைவாகப் படித்தவனைத் தலைமைக் குமாஸ்தா நாற்காலியில் உட்கார வைத்த கப்பல் கம்பெனியை நான் மறக்கவில்லை. அப்பாவின் அடக்கத்துக்கு வராமல் பந்து விளையாட்டுப் பார்க்கப் போன சிநேகிதனை மறக்கவில்லை. யுத்தத்துக்குப் பின் கொழும்புக்குத் திரும்பிய நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோது தெரிவிக்காமல், உங்கள் அடக்கமும் முடிந்தபின் தந்தி அடித்த அண்ணனை மறக்கவில்லை. இன்றும் அவருக்கு நான் பதில் எழுதுவது ஒரு வரிதான். இத்தனை பேருக்கு நடுவில் என்ன தேடினாலும் குறை அகப்படாத ஒரே ஆள் அண்ணன் மனைவியான நீங்கள். அதிலேயும் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. கோபப்பட ஏதாவது விட்டுப் போயிருந்தால், உங்களை நினைப்பது இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

கொழும்பில் குண்டு விழுந்த வருஷம் அண்ணன் உங்களை இங்கே அனுப்பி வைத்தார். வந்து இறங்கிய அன்றே நீங்கள் கிணற்றடிக்குப் போய், அப்பா நட்ட சீமை அத்தியைப் பார்த்து நின்றுவிட்டீர்கள். கிணற்றுத் தண்ணீர் பாய்ந்து பாய்ந்து அது கொழுத்து வளர்ந்திருந்தது. அப்பா போனபின் எங்கள் வீட்டில் அதன் பழத்தை ஒருவரும் தொடுவதில்லை. பழுத்து வெடித்து அணிலும் காகமும் தின்னும். நீங்கள் ஒன்றைப் பறித்துக் கடிப்பதைப் பார்த்த அத்தை, எங்களோடு இருந்த அப்பாவின் தங்கை, பதறிப் போனாள்.

"ஏளா, துப்பு. அது வேதத்துல ஆண்டவர் சபிச்ச மரம்."

"காய்க்காததுக்குத்தான அத்தை சபிச்சாரு? இப்படிக் காய்ச்சிருந்தா அவரும் ரெண்டு பிச்சுத் தின்னுட்டுத்தான் போயிருப்பாரு."

அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். நான் திரும்பி நின்று சிரித்தேன். அந்த வீட்டில் நான் சிரித்து அப்போது வெகுகாலம் ஆகியிருந்தது.

முப்பத்தைந்து தாண்டியும் எனக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்ததற்கு யார் காரணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் தாய்மாமா தம் மகளை எனக்குக் கொடுக்க நினைத்தார். நான் மறுத்தேன். அந்தப் பெண்ணும் வேறிடத்தில் கட்டிக்கொண்டு நன்றாகவே இருந்தாள். ஆனால் என்னை விசாரிக்க வந்த ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் மாமா ஏதாவது சொல்லி வைத்தார். "பையன் படிச்சவந்தான், ஆனா ஒரு வார்த்தை சொன்னா ஒரு வருஷம் பேச மாட்டான்" என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் என்னை அதிகமாக எரித்தது. வந்த சம்பந்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று போயின. இனி யாரும் வரமாட்டார்கள் என்று நான் முடிவு செய்திருந்த நேரத்தில், தோணிக்காரர் ஒருவர் தம் மகளுக்காக எங்கள் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். இதுவும் தவறினால் போதும் என்று நான் உங்களிடம் சொன்னேன். இனி ஒரு முறை கோட்டு போட்டுக்கொண்டு ஊரார் முன்னால் உட்கார மாட்டேன் என்றேன்.

"கோட்டு உங்க இஷ்டம் கொழுந்தப்பிள்ள. பலகாரம் என் இஷ்டம்" என்றீர்கள்.

சீனி ரேஷனில் இருந்த காலம். பலகாரம் செய்ய எதுவும் இல்லை என்று அத்தை கையை விரித்தாள். நீங்கள் அத்திமரத்தைக் காட்டினீர்கள். கொழும்பில் உங்கள் பக்கத்து வீட்டுப் பறங்கி அம்மாள், ஆட்டுப்பாலைக் காய்ச்சி எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டுப் பால்கட்டி செய்வாளாம். மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தே படித்தேன் என்று, அத்தை எழுந்து போனபின் என்னிடம் சொன்னீர்கள். அந்தப் பால்கட்டியை அத்திப்பழத்துக்குள் வைத்து, கருப்பட்டிப் பாகில் வேக வைப்பதாகத் திட்டம். முதல்நாள் சாயங்காலமே பாலைத் திரித்து, மூட்டையை அடுக்களை உத்தரத்தில் தொங்கவிட்டுவிட்டுப் படுத்தீர்கள்.

காலையில் மூட்டையைக் காணவில்லை.

அத்தை பூசைக்குப் போகுமுன் அடுக்களைக்குள் வந்திருக்கிறாள். சட்டியில் எலுமிச்சை வாடையோடு திரிந்த தண்ணீர். மேலே சொட்டிக்கொண்டு ஒரு துணி. பெண் வீட்டார் வரும் நாளில் பால் திரிந்தால் அந்தக் காரியம் நடக்காது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நீங்கள் அதை மறைக்கத்தான் துணியில் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று அத்தை நினைத்துவிட்டாள். உங்கள் மனம் நோகக் கூடாது என்று, ஒருவருக்கும் சொல்லாமல், அதே அத்திமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்து, ஒரு செபமும் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து இதைச் சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது. நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நான் காத்திருந்தேன். நீங்களோ அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"செபமுமா சொன்னிய அத்தை? அப்ப அது மோட்சத்துக்குப் போயிருக்கும். நாம வேற பால் பார்ப்போம்."

ஆடுகள் அதற்குள் மேய்ச்சலுக்குப் போய்விட்டன. நீங்கள் செம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடக்க, தேய்த்த கோட்டோடு நான் பின்னால் வந்தேன். உப்பளத்தைத் தாண்டி உடைமரக் காட்டில் ஆட்டுக்கார அம்மாளைக் கண்டுபிடித்தோம். கேட்ட நேரத்தில் பால் தர ஆடு என்ன குழாயா என்று அவள் கேட்டாள். என் கல்யாணத்துக்கு என்று நீங்கள் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாப்பிள்ளையா இவுக? சிரிச்சாப்ல நிக்கச் சொல்லுங்க தாயி. ஆடு மிரளுது."

நான் கொம்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் கறந்தாள். நீங்கள் ஆட்டின் முகத்துக்கு நேரே குனிந்து, "கொஞ்சம் தயவு பண்ணு, இவரை விட்டா எங்களுக்கு வேற மாப்பிள்ள இல்ல" என்று கெஞ்சினீர்கள். ஆடு என் கோட்டுப் பையைக் கடித்தது. ஒன்றில் முடியாமல் நாலைந்து ஆட்டைப் பிடித்து ஒருவழியாகச் செம்பை நிரப்பினோம். வெயிலில் திரும்பி வரும்போது, பெண் வீட்டார் வருகிறார்கள் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. மயினி, என் வாழ்நாளில் ஒரு நல்ல நாளைக் காட்டச் சொன்னால் நான் அந்த உப்பளத்து வரப்பைத்தான் காட்டுவேன்.

பிறகு எல்லாம் ஓட்டம்தான். பாலைத் திரித்து, தொங்கவிட நேரம் இல்லாததால் துணியோடு பலகையில் வைத்து, அம்மிக்கல்லை அதன்மேல் தூக்கி வைக்கச் சொன்னீர்கள். தண்ணீர் வடிந்ததும் உப்பும் ஏலமும் போட்டுப் பிசைந்தீர்கள். அத்தை பழங்களின் தலையில் குறுக்காக இரண்டு கீறல் போட்டுக் கொடுத்தாள். பூ விரிந்தது போல வாய் திறந்த பழத்துக்குள் பால்கட்டியை வைத்து, சட்டியில் நெருக்கமாக அடுக்கி, சுக்குத் தட்டிப் போட்ட கருப்பட்டிப் பாகை மேலே ஊற்றினீர்கள். மூடியின் மேலேயும் நெருப்பு, கீழேயும் நெருப்பு. சற்று நேரத்தில் வந்த வாசனைக்குத் தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

தோணிக்காரரும் அவருடைய தங்கையும் உறவினர் சிலரும் வந்தார்கள். அழைக்காமலே மாமாவும் வந்து ஓரமாக உட்கார்ந்தார். தட்டுகளை வைத்தீர்கள். பழத்தின் ஊதாத் தோல் சுருங்கிப் பாகு மினுங்கியது. நடுவில் பால்கட்டி லேசாகச் சிவந்திருந்தது. தோணிக்காரர் முதலில் சந்தேகமாகத்தான் விண்டார். இரண்டாவது பழத்தைத் தாமாகவே எடுத்தார். அவர் தங்கை விரலைச் சூப்புவதை நான் பார்த்தேன்.

மாமா மட்டும் தட்டைத் தொடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளைக்கு என்னையச் சொல்லக் கூடாது. பொண்ணு குடுக்கிற இடத்துல மறைக்கிறது பாவம். இன்னிக்கு இந்த வீட்டுல பால் திரிஞ்சிட்டு. கொல்லையில குழி தோண்டிப் பொதைச்சிருக்காவ. கோயில்ல வச்சு இவளே எங்கிட்டச் சொன்னா" என்று அத்தையைக் காட்டினார்.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோணிக்காரரின் தங்கை கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டாள். என் கல்யாணம் என் கண் முன்னால் இன்னொரு முறை எழுந்து வாசல் பக்கம் போவதை நான் பார்த்தேன். அப்போது அடுக்களை நிலையில் உங்கள் குரல் கேட்டது.

"ஒரு தடவ இல்ல மாமா, ரெண்டு தடவ திரிஞ்சிட்டு. ரெண்டு தடவையும் நான்தான் எலுமிச்சங்காயப் பிழிஞ்சு திரிச்சேன். முதல்ல திரிஞ்சது மண்ணுக்குள்ள இருக்கு. ரெண்டாவது திரிஞ்சதைத்தான் எல்லாரும் தின்னுட்டு இருக்காவ."

தோணிக்காரர் கையிலிருந்த பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் கடலுக்குப் போறவன். சகுனம் பார்க்காம வீட்டை விட்டு இறங்க மாட்டேன்" என்றார். "ஆனா தானாத் திரிஞ்சாத்தான் அது சகுனம். வேணும்னு திரிச்சா அது சமையல்." பிறகு தட்டை உங்கள் பக்கம் நீட்டினார். "இன்னும் ரெண்டு வையி மகளே. தங்கச்சி, நீயும் தின்னு. நம்ம பிள்ள இந்த வீட்டுல நல்லாத் தின்னுக்கிடுவா."

சிரிப்பு அடங்குவதற்குள் மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றே நாள் குறித்தார்கள்.

எல்லோரும் போனபின், நீங்கள் மாமாவின் தட்டை ஒரு இலையால் மூடி என்னிடம் தந்தீர்கள். கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னீர்கள். அந்த மனிதருக்கா என்றேன். "அவரும் நம்ம வீட்டு விருந்தாளிதான? சாப்பிடாமப் போய்ட்டாவல்ல" என்றீர்கள். உங்களுக்காகப் போனேன். மாமா வாசலிலேயே வாங்கி, நின்றபடியே தின்றார். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. வெறும் தட்டை என் கையில் கொடுக்கும்போது, "உப்பு ஒரு கல்லு கூட" என்றார்.

திரும்பி வந்து உங்களிடம் அதைக் கொதிப்போடு சொன்னேன். நீங்கள் சட்டியை வழித்து வாயில் போட்டுப் பார்த்தீர்கள். "சரியாத்தான் சொல்லியிருக்காவ. அவசரத்துல கை தவறிட்டு. அத்தனை கோபத்துலயும் ருசி பாத்துத் தின்னுருக்காவ பாருங்களேன்" என்று சந்தோஷப்பட்டீர்கள்.

மாமா எனக்கு வந்த சம்பந்தங்களைக் கலைத்தது, சபையில் என்னைத் தலைகுனிய வைக்கப் பார்த்தது, எல்லாவற்றையும் நான் விட்டுவிட்டேன் மயினி. அவர் இப்போது கண் தெரியாமல் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கையைப் பிடித்துப் பூசைக்கு அழைத்துப் போகிறேன். அண்ணனுக்கும் இந்த முறை இரண்டு வரி கூட்டி எழுதலாம் என்றிருக்கிறேன். ஆனால் உங்கள் பண்டத்தில் உப்பு கூட என்று சொன்னாரே, அதை மட்டும் விடுவதாக இல்லை. நீங்களே சரி என்று ஒப்புக்கொண்டாலும் சரி. கோயில் படி ஏறும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்து எனக்குக் கோபம் பொங்குகிறது. உடனே உங்கள் சிரிப்பும் கேட்கிறது. கையைப் பிடித்து நடக்கும் அவர், "என்னலே தனியாச் சிரிக்கே?" என்று கேட்கிறார். நான் சொல்வதில்லை.