கச்சா ரோடு போன வண்டி

உங்கள் லெதர் கோட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. விடாமல் அடித்த ஆடி மழையில் பரண்மேல் வைத்திருந்த சாக்குக்குள் ஈரம் இறங்கி, தோளிலும் காலரிலும் பச்சைப் புள்ளி. இன்று காலை கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்ததும் எடுத்து விரித்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் ஏற ஏற அந்தப் பழைய வாசனை கிளம்பியது. ஆட்டுத்தோல், பெட்ரோல், உங்கள் கழுத்து வியர்வை. நான் அழவில்லை. அழுதிருப்பேன், அதற்குள் உங்கள் அண்ணன் வந்துவிட்டார்.

தனியாக வரவில்லை. வண்டியைப் பார்க்க மாஹிமிலிருந்து ஒரு வியாபாரியையும் கூட்டிக்கொண்டு வந்தார். "சும்மா நின்னு துருப் பிடிக்கி. ஒத்தப் பொம்பள இருக்க வீட்ல மோட்டார் சைக்கிள் என்னத்துக்கு?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்த ஆளிடம் திரும்பி, "எந் தம்பி கட்ச் வரைக்கும் ஓட்டிட்டுப் போன வண்டியாக்கும்" என்று விலையை ஏற்றினார். வியாபாரி ஏறி உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் டாங்குக்கு மேலே வந்துவிட்டது. "இது என்னங்க, பலகைல உக்காந்த மாதிரி இருக்கு? சீட்டுக்கு அடியில ஸ்பிரிங்க யாரு கழட்டினது? நல்ல வண்டியக் கெடுத்து வச்சிருக்காங்க" என்றார்.

"தம்பிக்கு ஏதோ கிறுக்கு" என்றார் உங்கள் அண்ணன்.

"கிறுக்கு இல்ல அத்தான். அளவு. எனக்கு எடுத்த அளவு" என்றேன். இருவரும் என்னைப் பார்த்துவிட்டு, நான் பேசவே இல்லை என்பதுபோல விலை பேசப் போய்விட்டார்கள். சாயங்காலம் பணத்தோடு வருகிறார்களாம். அதற்குள் இதை உங்களுக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். போன பங்குனியில் மஞ்சள்காமாலையில் உங்களைப் பறிகொடுத்ததிலிருந்து, நடந்தது என்ன என்று தெரிந்த ஆள் இந்தத் தாராவியில் நான் ஒருத்திதான்.

எல்லாம் அந்த மாட்டுங்கா சேட்டு ஆரம்பித்துவைத்தது. குளிர்காலம் வந்தால் கூட்டாளிகளோடு கட்ச் பாலைவனத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டப் போவான். அவன் வண்டியைப் பிரித்து மாட்டி, மணலுக்கு வேண்டிய வேலையெல்லாம் செய்து கொடுப்பது நீங்கள். ஒரு தடவை, நானும் வரட்டுமா என்று கேட்டீர்கள். "வா, டூல் பெட்டியோட லாரியில ஏறி வா" என்று சிரித்தானாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "நாம போவோம்ட்டி" என்றீர்கள். 'நான்' என்று சொல்லாமல் 'நாம' என்று சொன்னீர்கள் பாருங்கள், அதைப் பிடித்துக்கொண்டேன்.

பட்டாள ஏலத்தில் அடித்துப் பிடித்து இந்த வண்டியை வாங்கினீர்கள். பிறகு ஆறு மாதம் நம் வீட்டில் அடுப்பங்கரை எது, ஒர்க்‌ஷாப் எது என்று எனக்கே தெரியாமல் போனது. பின்சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் போட்டீர்கள், வேகம் குறைந்தாலும் இழுவை வேண்டும் என்று. எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் டிரம்மை வெட்டித் தகடு அடித்தீர்கள். காற்று போகிற வாயில் எண்ணெயில் நனைத்த மல் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டினீர்கள், தூசி உள்ளே போகாமலிருக்க. கிளட்ச் கேபிள் பக்கத்திலேயே இன்னொரு கேபிளையும் முன்கூட்டியே ஓட்டிக் கட்டியாயிற்று, ஒன்று அறுந்தால் மற்றதை மாட்டினால் போதும். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டை வெல்டு செய்தபோது நான் சிரித்தேன். "மணல்ல முங்காம நிக்கணும்லா" என்றீர்கள். சும்மா சொல்லக் கூடாது, உங்கள் மூளை இருந்ததே!

உடுப்பு என் பொறுப்பு. பகலெல்லாம் கடைக்குத் தோல் பை தைத்துவிட்டு, சாயங்காலம் நம் இருவருக்கும் கோட்டுத் தைத்தேன். முழங்கையில் இரட்டைத் தோல், கையிடுக்கில் காற்றுக்கு ஓட்டை, மணல் ஏறாமல் மணிக்கட்டில் இறுக்கப் பட்டி. ஸ்பிரிங் இல்லாத சீட்டில் முதுகெலும்பு கழன்றுவிடும் என்று ஒரு சாண் அகலத்தில் இடுப்புப் பெல்ட். எனக்குக் காக்கி கான்வாஸில் கால்சட்டை. கையுறையும் தைத்தேன். நான் போட்டேன், நீங்கள் போடவில்லை. "கைக்குப் பிடி தெரியாது" என்று ஒரு சாக்கு.

சீட்டுச் சண்டையை மறந்திருக்க மாட்டீர்கள். எனக்கும் ஓட்டச் சொல்லித் தாருங்கள், கால் எட்டவில்லை, சீட்டை இறக்குங்கள் என்றேன். "ஒனக்காக வண்டியக் குட்டையாக்கணுமா? பாலைவனத்துக்கு வண்டி ஒசரமா இருக்கணும்ட்டி." எஞ்சின் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில்தானே இருக்கும், இறங்கப்போவது நம் பின்பக்கம் மட்டும்தானே என்று கேட்டேன். மூன்று நாள் பேசவில்லை நீங்கள். நாலாவது நாள் கடையிலிருந்து வந்து பார்த்தால், இரண்டு ஸ்பிரிங்கும் தரையில் கிடக்கிறது. நீங்கள் ஸ்பானரைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வடாலா உப்பளத்து வரப்புகளில் பழகினேன். எத்தனை தடவை விழுந்தேன் என்று கணக்கில்லை. பிறகு சேறும் உப்புமாய் அப்படியே கிங்ஸ் சர்க்கிள் ஓட்டலுக்குப் போய்க் காப்பி குடிப்போம். கால்சட்டை போட்ட பெண்ணுக்குக் காப்பி கொண்டுவர அந்த சர்வருக்கு எவ்வளவு யோசனை! "அவளுக்கு ரெண்டா குடு" என்று சத்தமாகச் சொல்வீர்கள். அப்போது உங்கள் மேல் எனக்கு இருந்த ஆசையை உங்களிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் கிளம்பினோம். மாஹிம் தாண்டும்வரை கால்சட்டைமேல் சேலை. தாண்டியதும் சேலையைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன். அகமதாபாத் தாண்டி ஒரு நாள் ஓட்டிய பிறகுதான் அந்தக் கூத்து.

ஹிந்திக்காரர்களுக்கு கட்ச் என்கிற ஊர் வேறு, கச்சா என்கிற மண் ரோடு வேறு. நம் திருநெல்வேலி வாயில் இரண்டும் ஒன்றுதான். ரோடு பிரிகிற இடத்தில் நிறுத்தி ஒட்டகக்காரர் ஒருவரிடம், "கச்சு ரஸ்தா?" என்று கேட்டீர்கள். அவர் மண் பாதையைக் காட்டி, "ஹாங், கச்சா ரஸ்தா" என்றார். அடுத்து ஆடு மேய்ப்பவர், அவரும் ஆமாம் என்றார். மூன்றாவதாக ஒரு சைக்கிள்காரர், ஆமாம் ஆமாம் என்று நம்மைப் பரிதாபமாகக்கூடப் பார்த்தார். "மூணு பேரு சொல்லியாச்சு, இனி என்ன?" என்று முறுக்கினீர்கள். இரண்டு மணி நேரத்தில் பாதை முடிந்தது. மரம் இல்லை, கல் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை. மணலுக்கு என்று ஆறு மாதம் தயாராகிப் போனவர்களுக்குக் கிடைத்தது உப்பு.

உப்பு எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதுவரை தூத்துக்குடி அளத்தில் அம்மாவோடு வாரியவள் நான். பளபளவென்று இருக்கிற இடத்தில் மேலே ஏடு, கீழே சேறு. மங்கலாய்ப் பழுப்பாய் இருக்கிற இடம்தான் கெட்டி. உங்கள் தோளைத் தட்டி, "அந்த வெள்ளப் பக்கம் போகாதீங்க, பழுப்பப் பாத்துப் போங்க" என்று கத்தினேன். "இது அளம் இல்லட்டி, பாலைவனம்! வேகத்தக் கொறச்சா முங்கிரும்" என்று நீங்களும் கத்தினீர்கள். மணலுக்கு அது சரி. ஏடு உடைந்து முன்சக்கரம் அச்சுவரை இறங்கியது. நீங்கள் கைப்பிடிக்கு மேலே பறந்துபோய் விழுந்தீர்கள்.

வலது மணிக்கட்டு. பார்த்த உடனே தெரிந்தது, இனி உங்களால் ஆக்ஸிலேட்டரைத் திருக முடியாது. தண்ணீர்ப் பையில் பாதிதான் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "நீ நடந்து போயி ஆளக் கூட்டியா" என்றீர்கள். எந்தத் திசையில் நடக்க? உங்களை அந்த வெள்ளையில் விட்டுவிட்டு எங்கே போக? எனக்கு வந்த கோபத்தில் பயமே வரவில்லை. இரண்டு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினேன். கையால் சேற்றைத் தோண்டினேன். பையிலிருந்த சேலையை எடுத்து, நீளத்துக்கு மடித்துப் பின்சக்கரத்துக்கு அடியில் திணித்தேன். முதல் கியரில் போட்டு, பக்கத்தில் நின்று தள்ளிக்கொண்டே முறுக்கினேன். சேலை கிழிந்து சுற்றிக்கொண்டது, வண்டி வெளியே வந்தது.

நீங்கள் பின்னால் ஏறினீர்கள். நீங்கள் போட்ட பல்சக்கரம் ஆமை வேகத்திலும் இழுத்தது. நீங்கள் இறக்கிய சீட்டில் என் இரண்டு காலும் தரையில் இருந்தது. பழுப்பைப் பார்த்துப் பார்த்து, வழுக்கும்போதெல்லாம் காலை ஊன்றி ஊன்றி ஓட்டினேன். உங்கள் இடது கை என் பெல்ட்டைப் பிடித்திருந்தது. வலியில் உங்கள் நெற்றி என் முதுகில் முட்டிக்கொண்டே வந்தது. பொழுது சாயும்போது உப்பு எடுப்பவர்களின் குடிசை ஒன்று தெரிந்தது. அந்த வீட்டுக்காரி பலகை வைத்து உங்கள் கையைக் கட்டிவிட்டு, ஆட்டுப்பால் டீ கொடுத்தாள். எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்க, நீங்கள் "கச்சு" என்று சொல்ல, "கச்சா ரோட்டிலதானே வந்தீங்க, எங்க போகணும்?" என்று ஹிந்தியில் மறுபடி கேட்டாள். விஷயம் விளங்கியதும் அவள் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். நீங்கள் மட்டும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

டவுன் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். வண்டியை ரயிலில் போட்டுவிடலாம் என்றீர்கள். முடியாது என்றேன். நாலு நாள் ஓட்டினேன். மாஹிம் வந்ததும், "செத்த நிப்பாட்டு" என்று இறங்கினீர்கள். எனக்குத் தெரியும் ஏன் என்று. அங்கேதானே நான் சேலை கட்ட வேண்டும், சேலையோ உப்பில் கிடக்கிறது. தாராவிக்குள் நீங்களே ஓட்டிப் போக முடியுமா என்று கட்டுப்போட்ட கையைக் கைப்பிடிமேல் வைத்துப் பார்த்தீர்கள். விரல் மடங்கவில்லை. ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் நம்மைப் பார்த்தார்கள். நான் இறங்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. வாழ்க்கையில் நான் உங்களுக்குச் செய்த ஒரே கொடுமை அதுதான். கையை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தீர்கள். "நேராப் போ. ஆர்ன் அடிச்சிட்டே போ" என்றீர்கள்.

கேட்டவர்களிடமெல்லாம் நீங்கள் உள்ளதை உள்ளபடி சொன்னீர்கள். ஒருவரும் நம்பவில்லை. கையில் கட்டோடு விளையாட்டுப் பேச்சைப் பார் என்றார்கள். வண்டி ரயிலில்தான் வந்தது, மாஹிமிலிருந்து ஏதோ ஆசைக்கு என்னை ஓட்டவிட்டீர்கள் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். கட்ச் போய் வந்த சூரன் என்று உங்களுக்குப் பட்டமும் கட்டினார்கள். "நாம கச்சாதான் போனோம்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிச் சிரிப்பீர்கள்.

இதுவரை எழுதியபோது உங்கள் அண்ணன் வந்துவிட்டார். பாக்கியை இப்போது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுகிறேன்.

வியாபாரி பணத்தை எடுத்தார். நான் உங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். செம்பூர்க் கடைக்குக் கொடுக்க வேண்டிய பைகள் இரண்டு மூட்டை இருந்தன, பின்னால் கட்டினேன். "என்னம்மா செய்யுத?" என்றார் அண்ணன். "வேலைக்குப் போறேன் அத்தான். கட்ச் போகல இந்த வண்டி. உப்புல முங்கிச்சு. முங்கின இடத்துலருந்து உங்க தம்பியையும் வண்டியையும் பம்பாய் வரைக்கும் கொண்டாந்தது நான். அவரு எத்தன தடவ சொன்னாரு உங்ககிட்ட? அவரு பொய் சொல்ற ஆளா?"

அண்ணன் உங்களைப் பொய்யர் என்று எப்படிச் சொல்வார்? வியாபாரி பணத்தை எண்ணாமலே திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தார். மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது. நம் சந்தில் ஜன்னல் ஜன்னலாகத் தலை. பார்க்கட்டும். நாளைக்கும் பார்ப்பார்கள், நாளை மறுநாளும் பார்ப்பார்கள்.

சயான் முனையில் திரும்பும்போது ஒன்று கவனித்தேன். மூட்டை லேசானது, அவ்வளவு சாய வேண்டியதே இல்லை. ஆனாலும் என் உடம்பு உங்கள் எடைக்கும் சேர்த்துத்தான் சாய்கிறது. அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.